சடை பின்னும்போது சொன்னது

போன மாதம் சகாயராணி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் பெற்றோரைக் கூட்டி வைத்து, பிள்ளைகளின் மனதை எப்படிக் கவனிப்பது, அதற்கு முன்னால் தங்களுடைய கோபத்தையும் பயத்தையும் என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்கிற வேலை.

"சார், கடம்பூர்ப் பக்கம் ஒரு அம்மா. நாம சொன்னதை அப்படியே வீட்டுல செஞ்சு பாத்திருக்காவ. மக பேசினதை அவ்வளவு அழகாச் சொல்லுதாவ. கேட்டுட்டு எனக்கே அழுகை வந்துட்டு. வீடியோ எடுத்து எல்லாப் பெற்றோர் குரூப்லயும் போடலாம்னு இருக்கேன். அவியகிட்ட சம்மதம் வாங்கியாச்சு. புதுசா வேலைக்கு வந்திருக்கவங்களுக்கும் சேத்து நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்களேன்."

எழுதித் தருகிறேன் என்றேன். எழுதி முடிக்கிறவரை வீடியோவைப் போட வேண்டாம் என்றும் சொன்னேன்.

"ஏன் சார், அதுல என்ன தப்பு?"

"படிச்சிட்டு நீயே சொல்லு."

இந்தக் கட்டுரையில் ஒரு பெண்பிள்ளை வருவாள். அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. அவள் ஊரையும் சொல்லவில்லை. அவளுடைய அம்மாவுக்குச் சண்முகத்தாய் என்று ஒரு பெயரைக் கொடுத்திருக்கிறேன். அது அவர் பெயர் இல்லை.

மதுரையில் சமூகப்பணி படித்தேன். சுகாதாரம், சுயஉதவிக் குழு, குடிநீர் என்று திட்டத்துக்குத் திட்டம் மாறிக்கொண்டிருந்துவிட்டு, தலை நரைத்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். எங்கள் தொண்டு நிறுவனம் சிறியது. வகுப்புகளை மேற்பார்வை பார்க்க, திருநெல்வேலியிலிருந்து வாரம் ஒரு நாள் ஒரு மனநல மருத்துவர் வருவார். டாக்டர் எஸ்தர் என்று வைத்துக்கொள்வோம்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வரும்போதே பஸ் ஸ்டாண்டில் வறுத்த கடலை வாங்கிக்கொண்டு வருவார். நாங்கள் பேசப் பேச, மடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, கடலையை உடைத்துத் தோலை ஒரு பக்கம், பருப்பை ஒரு பக்கம் என்று ஒதுக்கிக்கொண்டே இருப்பார். முகத்தைப் பார்க்கவே மாட்டார். முதல் நாள் எனக்கு அது அவமரியாதையாக இருந்தது. ஒரு மாதத்தில், வேறு யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் "பெறகு?" என்பார். அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கம். "நல்ல முன்னேற்றம் டாக்டர், அப்பா அடிக்கிறதை விட்டுட்டாரு" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், கை கடலையிலேயே இருக்க, "அந்தப் பிள்ளை இப்ப எங்கன இருக்கு?" என்று கேட்பார். பள்ளிக்கூடத்தில் இருக்கிறதா, வீட்டிலா, யாரோடு இருக்கிறது, சாப்பிட்டதா? தெரியாது என்றால், "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்பார். திட்ட மாட்டார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

எங்களிடம் ஒரு கையேடு இருந்தது. ஏதோ பெருநகரத்தில் தயாரித்தது. அதில் நான்கு படிகள். பிள்ளையின் கண்ணைப் பாருங்கள். குரலைத் தாழ்த்துங்கள். அது என்ன உணர்கிறது என்று அதற்குப் பெயர் சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நானும் அதை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராகப் போனேன்.

வகுப்புகள் பெரும்பாலும் சத்துணவுக் கூடத்தில் நடக்கும். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தொழிற்சாலை விட்டு வருகிற பெண்கள், உளுந்துக் காட்டிலிருந்து நேராக வருகிறவர்கள், இரண்டு மூன்று ஆண்கள். மழை பெய்துவிட்டால் செருப்பில் அப்பிய கரிசலை வாசலில் தேய்த்துவிட்டு வருவார்கள். விதைப்பு நாட்களில் யாரும் வர மாட்டார்கள்.

முதல் பாடத்துக்கு அடுத்த வாரம் ஒரு லாரி ஓட்டுநர் எழுந்தார்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே மகன் பக்கத்துல போய், கண்ணைப் பாத்து, மெதுவா, 'ஐயா, உனக்கு வருத்தமா இருக்கா'ன்னு கேட்டேன். அவன் எந்திரிச்சு அடுப்படிக்கு ஓடி, 'எம்மா, அப்பா குடிச்சிருக்காவ'ன்னு சொல்லிட்டான். நான் குடியை விட்டு எவ்வளவு நாளாச்சு! அவ வந்து என் வாயை மோந்து பாக்கா."

கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கும் முன்பே சண்முகத்தாய் சொன்னார்: "எங்க வீட்டுலயும் அப்படித்தான். மெதுவாப் பேசினேன். மக மூஞ்சி வெளிறிப் போச்சு. 'எம்மா, யாரு செத்துட்டா?'ங்கா."

இதை நான் டாக்டரிடம் சொன்னபோது கடலை உடைப்பதை நிறுத்திவிட்டார். அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உண்மைதானே. எங்கள் பக்கத்து வீடுகளில் குரல் தாழ்வது எப்போது? சாவுச் செய்தி சொல்லும்போதும் கடன்காரன் வாசலில் நிற்கும்போதும்தான். மற்ற நேரமெல்லாம் பிரியம்கூடச் சத்தமாகத்தான் வரும். "ஏட்டி, தின்னியா இல்லியா!" என்று தெருமுனை வரை கேட்கிற சத்தத்துக்குள்தான் அம்மா இருக்கிறாள். நாங்கள் போய் அந்தச் சத்தத்தை நிறுத்தியதும் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

உணர்வுக்குப் பெயர் சொல்லும் பாடமும் அப்படியே ஆயிற்று. கையேட்டில் வரிசையாக முகங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சொல். பதற்றம், ஏமாற்றம், விரக்தி. "சார், இதெல்லாம் நியூஸ்ல வர்ற வார்த்தைலா" என்றார் ஒரு பெண். அப்படியானால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். வெப்புராளம் என்றார்கள். கோபமா துக்கமா என்று கேட்டேன். "ரெண்டுந்தான் சார். அழுகையும் வரும், ஆளைக் கடிச்சு வச்சிரலாம்னும் வரும்." பதினாலு வயசுப் பிள்ளைகளுக்கு வருவதில் பாதி அதுதான் என்று டாக்டர் சொன்னார். கையேட்டில் அதற்கு முகமே இல்லை.

கையேட்டை மூடி வைத்துவிட்டு ஒரு கேள்வியோடு போகச் சொன்னார் டாக்டர். உங்கள் பிள்ளை கடைசியாக உங்களிடம் மனம்விட்டுப் பேசியது எங்கே வைத்து?

என் வேலைக்காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுத் திரிந்த மாதங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. யாரும் "எதிரே உட்கார்ந்து" என்று சொல்லவே இல்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது மகன் பேசினான் என்றார்கள் அப்பாக்கள். காற்றில் பாதி கேட்காது, ஆனாலும் அங்கேதான் பேசுகிறான். மக்காச்சோளம் உதிர்க்கும்போது என்றார்கள். மணியாச்சியில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, இரண்டு பேரும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது என்றார் ஒருவர். கரண்ட் போனபோது என்றும் சிலர் சொன்னார்கள்.

அடித்த பிறகு பிள்ளையோடு எப்படிச் சமாதானம் ஆவீர்கள் என்றும் கேட்டேன். மன்னிப்புக் கேட்போம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "மன்னிச்சிருன்னு பிள்ளைகிட்டயா? வாய்க்கு வராது சார்." சோற்றுக்கு அடியில் அவித்த முட்டையை ஒளித்து வைத்துப் போடுவேன் என்றார் ஒரு பெண். பிள்ளை தின்றுகொண்டே வந்து முட்டையைக் கண்டுபிடித்தால் சடவு தீர்ந்தது என்று அர்த்தம். முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தால் இன்னும் தீரவில்லை.

இப்படியான ஒரு வகுப்பில்தான் சண்முகத்தாய் சொன்னார்: "எங்க வீட்டுல சடை பின்னும்போது பேசுவா சார். நான் பின்னால உக்காந்திருப்பேன். என் மூஞ்சி அவளுக்குத் தெரியாது, அவ மூஞ்சி எனக்குத் தெரியாது. போன வாரம் நீங்க சொன்ன மாதிரி குறுக்க பேசாம, 'பெறகு'ன்னு மட்டும் கேட்டேன். எல்லாத்தையும் கொட்டிட்டா."

அவர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. கொஞ்ச நாளாக மகள் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் ஒட்டாமல் இருக்கிறாள் என்றுதான் வகுப்புக்கே வந்தார். ஒரு வகுப்பைக்கூட விட்டவர் இல்லை. அத்தனை மாதங்களில் என் பாடம் ஒன்று முழுதாகப் பலித்தது அவர் வீட்டில்தான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதை எல்லாருக்கும் செஞ்சு காட்டுங்கம்மா" என்றேன்.

"எதை சார்?"

"சடை பின்னினதை, அவ பேசினதை, நீங்க கேட்டதை."

அவர் சுற்றிப் பார்த்தார். அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் யார் என்று நான் அன்று யோசிக்கவில்லை. நாத்தனார், மதினி, பக்கத்து வீடு, மகளோடு படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள், சத்துணவு ஆயா.

"அது வீட்டு விஷயம்லா சார்" என்றார்.

கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு விதி உண்டு. இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். ஒருவரையொருவர் தெரியாதவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டு, அவரவர் பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிற ஊரில் எழுதிய விதி. அதை அவருக்கு ஒப்பித்தேன். "பயப்படாதீங்கம்மா. உங்களைப் பாத்து நாலு பேரு கத்துக்கிடுவாங்கல்லா" என்றேன். சார் இரண்டாம் தடவை சொன்ன பிறகு மறுப்பது அவருக்குப் பழக்கமில்லை. எழுந்து வந்தார்.

பக்கத்தில் இருந்த பெண்ணை மகளாக முன்னால் உட்கார வைத்து, அவள் கூந்தலை அவிழ்த்துப் பின்ன ஆரம்பித்தார். முதலில் கூச்சப்பட்டார். பிறகு விரல்கள் பழகிய வேலையில் இறங்கியதும் நாங்கள் இருப்பதையே மறந்துவிட்டார். மகள் சொன்னதை மகள் குரலிலேயே சொன்னார்.

அவள் என்ன சொன்னாள் என்று இங்கே எழுத மாட்டேன். அந்த வயசில் ஒரு பிள்ளை தனியாகச் சுமக்கக் கூடாத துக்கம் என்பது மட்டும் போதும். கூடத்தில் எல்லோரும் அழுதார்கள். நானும். முடிந்ததும் கைதட்டச் சொன்னேன்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கற்றுக்கொள்வதற்காக மட்டும் அவரைக் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. பல மாதங்களாக வீடு வீடாகக் கேட்டு வளர்த்த ஆசை. அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தேன்.

விஷயம் சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இதில் கொடுமை. பெரிய அத்தை ஓட்டப்பிடாரத்திலிருந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இன்னொருவர் கோயிலில் திருநீறு வாங்கி வந்து பூசிவிட்டார். அடுத்த தெருப் பெண் ஒருவர், "நாங்க ஜெபக் கூட்டத்துல உன் பேரைச் சொல்லி ஜெபிக்கோம், கவலைப்படாத" என்றார். மைக் வைத்து நடக்கிற ஜெபக் கூட்டம் அது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, "ஏட்டி, நீ அப்படிச் சொன்னியாம்லா?" என்று கேட்டிருக்கிறாள். அவளும் அக்கறையாகத்தான் கேட்டாளாம்.

மகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம் போகவும் மறுத்தாள். "சீப்பைக் கையில எடுத்தா வெடுக்குன்னு பிடுங்கிக்கிடுதா சார். அவளே பின்னிக்கிடுதா. கோணலும் மாணலுமா" என்றார் சண்முகத்தாய்.

அந்த வாரக் கூட்டத்தில் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். வீட்டில், யாரோடும் பேசாமல் என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்றே போய்ப் பார்த்தார். அவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. பகலில் பிள்ளையோடு கூடவே இருக்க ஒரு ஏற்பாடு செய்தார். வாராவாரம் தானே போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். வருகிறவர்களை எல்லாம் வாசலோடு அனுப்பிவிடச் சொன்னார். திரும்பும் வழியில் ஜீப்பில் கேட்டார்:

"அவ அம்மா தானா முன்வந்துதான் சொன்னாவளா?"

"ஆமா டாக்டர். அவிய தானாத்தான் வந்தாவ" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவ்வளவு இயல்பாக வந்தது. டாக்டர் வெளியே வேலிக்கருவை முள்மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. பிறகு அந்தப் பொய் தானாகவே வேலை செய்தது. அம்மா தானாகவே போய் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாள் என்றுதான் மகளும் நம்பிக்கொண்டிருந்தாள். சண்முகத்தாய் அதை மறுக்கவில்லை. சாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

சில வாரங்கள் அப்படியே போயின. நான் வேறு ஊர்களுக்கு வகுப்பு எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சண்முகத்தாய் வேலை விட்டு நேராக என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். விரல் நுனியில் தீக்குச்சி மருந்துக் கறை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. என்னைக் கேட்பார், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் சொல்ல ஒரு பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"சார், அந்த நாலு படி சொன்னீங்கல்லா. நாலையும் செஞ்சு பாத்துட்டேன். மெதுவாவும் கேட்டேன், சத்தமாவும் கேட்டேன். சோத்துக்கு அடியில முட்டை வச்சேன், ஒதுக்கிட்டா. நான்தான் எங்கனயோ சரியாச் செய்யல. அஞ்சாவது படி ஏதும் இருக்கா சார்?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையேட்டை எடுத்துப் புரட்டினேன். இல்லாத ஒன்றைத் தேடுவதுபோலப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அவர் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சரியாத்தாம்மா செஞ்சீங்க. தப்பு என் மேல" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்று அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

அவர் போனதும் டாக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். சண்முகத்தாய் மறுத்தார், நான்தான் வற்புறுத்தினேன், உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அந்தப் பக்கம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அந்தப் பிள்ளை இப்ப எங்கன இருக்கு?"

"வீட்டுலதான் டாக்டர்."

"அவ அம்மா மேலதான கோவமா இருக்கா?"

"ஆமா."

"பெறகு எதுக்கு என்கிட்ட வந்து சொல்லுதீங்க?"

மறுநாள் போனேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவள் தனியாக நின்று குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். சண்முகத்தாய் சொன்னது போலவே சடை கோணலாக, ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு இருந்தது. நான் அவள் முன்னால் போய் நிற்கவில்லை. பக்கத்தில் நின்று, விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அத்தனை மாதங்களில் பெற்றோர்களிடம் கற்றுக்கொண்டதில் அந்த ஒன்றாவது எனக்கு அன்று கைகொடுத்தது.

"வகுப்புல உங்க அம்மா சொன்னது நான் சொல்லச் சொன்னதாலதாம்மா. அவங்களா சொல்லல."

அவள் திரும்பவில்லை. குழாயைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா மாட்டேன்னு சொல்லலியா?"

அத்தனை வாரம் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுவாக இருக்கலாம்.

"சொன்னாங்க. வீட்டு விஷயம்னு சொன்னாங்க. நான்தான் விடல."

"எதுக்கு?"

நிறைய காரணங்கள் இருந்தன. மற்றப் பெற்றோருக்குப் பயன்படும். பயிற்சியின் நோக்கம். எல்லாம் நுனி நாக்கில் இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சுக்கிடணும்னு ஆசையா இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நீங்க படிச்சவியதான சார்?"

"ஆமா."

தண்ணீர் குடத்தின் கழுத்துக்கு வந்திருந்தது. நூற்றுக்கணக்கான பெற்றோர்களிடம் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று சொன்னவன் நான். வாய்க்கு வராது சார் என்று அவர்கள் சொன்னபோது, முயற்சி செய்யுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னவன். அன்று தெருக்குழாயடியில், அந்தச் சொல் தொண்டையில் எங்கே மாட்டுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"குடம் நெறஞ்சிட்டு. தள்ளுங்க" என்றாள்.

தள்ளி நின்றேன். குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் வகுப்பு மறுபடி நடந்தது ஒரு நல்ல மழைக்குப் பின்னால். டாக்டரும் வந்திருந்தார். யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பாதிப் பேர் வந்தார்கள். சண்முகத்தாயும் வந்தார், எப்போதும்போல முதல் வரிசையில். நான் எழுந்து, அன்று நான் செய்தது தவறு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். என்ன நடந்தது என்பதை மறுபடி சொல்லவில்லை. அவர் மறுத்ததையும் நான் வற்புறுத்தியதையும் மட்டும் சொன்னேன்.  

டாக்டர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல், சண்முகத்தாயைக் கேட்டார்.

"மக உங்ககிட்ட பேசுதாளா?"

அவர் ஏன் அப்படி எல்லோர் முன்னாலும் கேட்டார் என்று எனக்கு அந்த நொடி பதறியது. சண்முகத்தாய் எழுந்து நின்றார். சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அதை நான் சொல்ல மாட்டேன் டாக்டர்."



"சார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்" என்று என்னையும் பார்த்துச் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து அவருடைய நாத்தனார், "எங்ககிட்டயாவது சொல்லுங்க மதினி" என்றார்.

"உன்கிட்ட சுத்தமாச் சொல்ல மாட்டேன். நீ வாயில வச்சா வாகைக்குளம் ஏரோப்பிளேன்ல ஏத்தி அனுப்பிருவ."

கூடம் சிரித்துக் குலுங்கியது. நாத்தனாரும் சேர்ந்து சிரித்தார். டாக்டர் உரித்த பருப்பை ஒரு கை நிறைய அள்ளிச் சண்முகத்தாயிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று நாங்கள் கிளம்பும்போது பள்ளிக்கூடம் விட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டு போன பிள்ளைகளுக்கு நடுவில் அவளும் போனாள். பின்னாலிருந்துதான் பார்த்தேன். இரட்டைச் சடை. இரண்டும் ஒரே அளவு, வகிடு நேர்க்கோடு, இறுக்கிப் பின்னி ரிப்பனை மடித்துக் கட்டியிருந்தது. பின்னால் இன்னொருவர் உட்கார்ந்து பின்னினால்தான் அப்படி வரும். டாக்டரும் பார்த்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பின் முதல் பாடத்தை மாற்றினோம். பெற்றோர் என்னிடம் "மாட்டேன்" சொல்லிப் பழக வேண்டும். நான் ஒவ்வொருவரிடமும் போய், "உங்க வீட்டு விஷயத்தைச் சொல்லுங்க" என்று கேட்பேன். அவர்கள் மறுக்க வேண்டும். முதலில் சிரிப்பார்கள், தலையைக் குனிவார்கள், "சார் கேட்டுட்டீங்களே" என்பார்கள். லாரி ஓட்டுநர் மட்டும் முதல் தடவையே, "போங்க சார், சோலியைப் பாருங்க" என்றார். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பாடத்தை விடவில்லை. தங்களால் மறுக்க முடியும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பல அம்மாக்கள், தங்கள் பிள்ளை வாய் மூடிக்கொள்வதும் ஒருவிதமான மறுப்பு என்று புரிந்துகொண்டார்கள். எதனால் அப்படி என்று எனக்கு இன்னமும் முழுதாக விளங்கவில்லை.

இதை எழுதலாமா என்று கேட்கச் சண்முகத்தாய்க்குப் போன் செய்தேன். அவர் குரல் மாறவே இல்லை, அதே சத்தம். "எழுதுங்க சார்" என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"இருங்க, அவகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார்.

மகள் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். அவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள். பதில் மூன்றாம் நாள் அம்மா வழியாக வந்தது. தன் பெயர் வரக் கூடாது. ஊர் வரக் கூடாது. தான் சொன்னது ஒரு வரிகூட வரக் கூடாது. "உங்களைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்கிடட்டும்னு சொன்னா சார்" என்று சொல்லிவிட்டுச் சண்முகத்தாய் சிரித்தார்.

அந்தத் திருத்தமான சடை பின்னப்பட்ட காலையில் அம்மாவும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள், முதலில் யார் பேசினார்கள், சீப்பை யார் யாரிடம் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இன்றைக்கும் ஆசையாக இருக்கிறது. போனில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சகாயராணி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்த அம்மா சம்மதித்துவிட்டார் என்று சொன்னாய். அவர் உன்னிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழகியவரா? அதைவிட முக்கியமாக இன்னொன்று. வீடியோவைத் தொடும் முன்னால் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்.

அந்தப் பிள்ளை இப்ப எங்கன இருக்கு?